பங்குனியில் தேனீப் பெட்டிக்கு உண்ணி மருந்து வைக்கலாமா?

குடியாத்தத்தை ஒட்டிய மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கலந்த நிலத்தில் 10 இத்தாலியத் தேனீப் பெட்டிகளும் 4 இந்தியத் தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். பெட்டிகளுக்கு முன்னால் சிறகு சுருங்கிய தேனீக்கள் பறக்க மாட்டாமல் தரையில் ஊர்கின்றன. சிலவற்றின் உடலில் செம்பழுப்பு நிறத்தில் உண்ணி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. மாட்டு உண்ணிக்கான மருந்தைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும்படி பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். தோல் தொழிற்சாலைகளில் பயன்படும் பார்மிக் ஆசிட்டைப் பெட்டிக்குள் வைத்தால் போதும் என்கிறார் ஆம்பூரில் இருக்கும் உறவினர். பங்குனி பிறந்துவிட்ட நிலையில் எதைச் செய்வது, எல்லாப் பெட்டிக்கும் செய்வதா என்பது கேள்வி.

மாட்டு மருந்து எந்த மாதத்திலும் கூடாது. பார்மிக் ஆசிட் நல்ல மருந்துதான், ஆனால் வேலூர் வெயிலில் பங்குனிக்கு அது ஏற்றதன்று. இந்தியத் தேனீப் பெட்டிகள் நான்கிற்கும் உண்ணி மருந்தே தேவையில்லை. இத்தாலியப் பெட்டிகளில் முதலில் உண்ணியை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணாமல் வைக்கும் மருந்தில் பாதி வீண், மீதி கேடு. ஒடுகத்தூர்ப் பக்கம் 16 ஆண்டுகளாகப் பெட்டி வைத்திருப்பவன் என்ற முறையிலும், இந்தத் தவறுகளில் சிலவற்றை நானே செய்து நட்டப்பட்டவன் என்ற முறையிலும் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரும் தேனீக்களைக் கண்டதும் உண்ணி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மாமரங்களில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் தை, மாசியில் நஞ்சு தாக்கிய தேனீக்களும் பெட்டிக்கு முன்னால் விழுந்து ஊரும். அவற்றின் சிறகுகள் முழுமையாக இருக்கும், உடல் நடுங்கும், பலவற்றில் நாக்கு வெளியே நீண்டிருக்கும், ஒரே நாளில் குவியலாக விழும். உண்ணியால் வரும் கேடு அப்படித் திடீரென்று வருவதில்லை. நாளுக்குப் பத்து, இருபது என்று, அப்போதுதான் அடையின் கண்ணறையிலிருந்து வெளிவந்த வெளிறிய இளந்தேனீக்கள், கசக்கிய காகிதம் போன்ற சிறகுடன் வெளியே தள்ளப்படும். சிறகைச் சுருக்குவது உண்ணியன்று, உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் பரப்பும் நச்சுயிரி (வைரஸ்). நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இரண்டாவது வகையோடுதான் பொருந்துகின்றன.

ஒட்டியிருக்கும் பூச்சி எது என்பது அடுத்த கேள்வி. வரோவா உண்ணியின் பெண், கேழ்வரகு மணியைத் தட்டையாக நசுக்கினாற்போல் இருக்கும். நிறமும் ஏறத்தாழ அதுவே. நீளம் 1.1 மில்லிமீட்டர், அகலம் 1.6 மில்லிமீட்டர், நீளத்தைவிட அகலம் மிகுந்திருப்பதால் நண்டின் ஓடு நினைவுக்கு வரும். தேனீயின் வயிற்றுப்புற வளையங்களுக்கு இடையே செருகிக்கொண்டு அசையாமல் இருப்பதால், முதுகை மட்டும் பார்ப்பவருக்கு எளிதில் தென்படாது. இரண்டாவது உண்ணி டிரோபிலேலாப்ஸ். இது 1 மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமும் அதில் பாதி அகலமும் கொண்டது. தேனீயின் மேல் நில்லாமல் அடையின் மேல் சிற்றெறும்பைப் போல விரைந்து ஓடும். மூன்றாவதாக ஒன்று உண்டு. தென்னந்தோப்பில் பெட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கண்டு அஞ்சி மருந்து வாங்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தென்னம்பாளையில் வாழ்ந்து மகரந்தம் தின்னும் பூ உண்ணிகள், பூவுக்குப் பூ போவதற்குத் தேனீயின் முதுகில் கும்பலாக ஏறிக்கொண்டு வரும். வரோவாவைவிட மிகச் சிறியவை, வெளிர்பழுப்பானவை, தேனீயைக் கடிக்காதவை. இந்தியத் தேனீயின் முதுகில் பொடிப்பொடியாக நிறைய ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இவையே, விட்டுவிடலாம்.

வரோவாவின் பிறப்பிடம் நம்முடைய ஆசியாவே. ஜாவாவில் இந்தியத் தேனீயின் மேல் கண்டெடுக்கப்பட்டு 1904-இல் அவுட்மான்ஸ் என்பவரால் வரோவா ஜேக்கப்சோனி என்று பெயரிடப்பட்டது. இத்தாலியத் தேனீயை அழிப்பது அதற்கு நெருங்கிய வேறோர் இனம் என்று 2000-இல் ஆண்டர்சன், ட்ரூமன் இருவரும் பிரித்துக் காட்டி வரோவா டிஸ்ட்ரக்டர் என்று பெயர் வைத்தார்கள். பழைய கையேடுகளில் முன்னைய பெயரே இருப்பதால் இதைச் சொல்கிறேன். இந்தியத் தேனீ பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த உண்ணியோடு சேர்ந்து வாழ்ந்து, அதைக் கட்டுக்குள் வைக்கப் பழகிய இனம். ஒன்றன் உடலிலிருந்து மற்றொன்று உண்ணியைக் கடித்து நீக்கும். உண்ணி புகுந்த பணித்தேனீப் புழு விரைவில் செத்துப்போகும். பணித்தேனீக்கள் அதை உண்ணியோடு சேர்த்து இழுத்து வெளியே எறிந்துவிடும். ஆகவே அந்த இனத்தில் உண்ணி பெருகுவது ஆண் தேனீக் கண்ணறைகளில் மட்டும்தான். ஆண்கள் வளர்வதோ ஆண்டில் சில வாரங்கள்தான். உண்ணி மிகுந்து வலுவிழந்த ஆண் தேனீ, கண்ணறையின் கெட்டியான மெழுகு மூடியைத் திறக்க மாட்டாமல் உள்ளேயே சாகும். உண்ணிகளுக்கும் அதுவே சமாதி.

உங்கள் இந்தியத் தேனீப் பெட்டிகள் நான்கையும் தொட வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவே காரணம். அவற்றில் ஏதேனும் நலிந்திருந்தால் பார்க்க வேண்டியது வேறு. 1991, 1992-இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழித்தது உண்ணியன்று, தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய். கண்ணறையை மூடுவதற்குச் சற்று முன்னும் பின்னும் புழு, நீர் நிறைந்த பைபோல ஆகி, தலை நிமிர்ந்து கிடக்கும்; ஊசிமுனையால் தூக்கினால் பையாகவே வெளியே வரும். அதற்கு மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாமல் இருப்பதும், நோயைத் தாண்டி நின்ற கூட்டத்திலிருந்து மட்டும் பெட்டி பிரிப்பதும்தான் செய்யக்கூடியவை. அதுவும் இல்லையென்றால் மெழுகு அந்துப்பூச்சியைப் பாருங்கள், எறும்பைப் பாருங்கள். இந்த நோய்களுக்கு உண்ணி மருந்து வைப்பதால் பயன் இல்லாததோடு, ஆசிட் நெடி தாங்காமல் கூட்டமே பெட்டியை விட்டு ஓடிவிடும். இந்தியத் தேனீயை ஓட வைப்பது மிக எளிது என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

இத்தாலியத் தேனீயின் கதை வேறு. 1962-இல் இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் அது வெற்றிகரமாக நிலைகொண்ட பிறகே இந்தியாவில் பரவியது. தெற்கே சாக்புரூட் அழிவுக்குப் பின்னரே பெருமளவில் வந்தது. இந்த உண்ணியை அது முன்பின் அறியாது. பணித்தேனீக் கண்ணறை மூடப்படுவதற்கு ஏறக்குறைய 15 முதல் 20 மணி நேரம் முன்னதாகத் தாய் உண்ணி உள்ளே நுழைந்து, புழுவுக்கான உணவில் மூழ்கிக் கிடக்கும். மூடி விழுந்து மூன்றாம் நாளை ஒட்டி முதல் முட்டை, அது ஆண். அதன் பிறகு சுமார் 30 மணி நேரத்திற்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். பணித்தேனீ 12 நாள் மூடிக்குள் இருக்கிறது. அதற்குள் வளர்ந்து முதிர்வது சராசரியாக ஒன்று, ஒன்றரை மகள். ஆண் தேனீ இரண்டு, மூன்று நாள் கூடுதலாக மூடிக்குள் இருப்பதால் அங்கே இரண்டுக்கு மேல் தேறும். உண்ணியும் இதை அறிந்ததுபோல ஆண் கண்ணறைகளையே பல மடங்கு விரும்பிப் போகும். அது உறிஞ்சுவது தேனீயின் இரத்தத்தை என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தோம். 2019-இல் சாமுவேல் ராம்சேயும் உடன் ஆய்ந்தவர்களும், அது முக்கியமாகத் தின்பது தேனீயின் கொழுப்புத் திசுவை என்று காட்டினார்கள். நமக்குக் கல்லீரல் செய்யும் பல வேலைகளைத் தேனீக்கு அந்தத் திசுதான் செய்கிறது. சில உண்ணிகளே ஒரு தேனீயை ஏன் இவ்வளவு நலிவடையச் செய்கின்றன என்பது அதிலிருந்து விளங்குகிறது.

மருந்து வைப்பவர் மனத்தில் கொள்ள வேண்டியது இந்தக் கணக்குதான்: புழு வளர்ப்பு நடக்கும் பெட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட உண்ணிகள் மெழுகு மூடிக்கு அடியில் இருக்கும். வெளியே தேனீயின் மேல் தெரிவது மிச்சம்தான். மூடிக்குள் புகாத மருந்தை இன்றைக்கு ஊற்றி, நாளைக்கு அடிப்பலகையில் விழுந்து கிடக்கும் உண்ணிகளைப் பார்த்து மகிழ்பவர், பன்னிரண்டு நாளில் மீண்டும் அதே எண்ணிக்கையைக் காண்பார்.

எண்ணுவதற்குச் செலவு ஏதும் இல்லை. வாய் அகன்ற பாட்டிலின் மூடியை வெட்டி, உண்ணி விழக்கூடிய, தேனீ விழாத கம்பி வலையை அதில் பொருத்திக்கொள்ளுங்கள். புழுக்கள் உள்ள சட்டத்தை எடுத்து, அதில் ராணி இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, சுமார் 300 தேனீக்களை (அரை டம்ளர் அளவு வரும்) பாட்டிலுக்குள் உதிர்த்து, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரையை வலை வழியாகப் போட்டு உருட்டி, நிழலில் இரண்டு நிமிடம் வையுங்கள். பின்னர், தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்து ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கினால், சர்க்கரை கரைந்து உண்ணிகள் மட்டும் தெரியும். எண்ணி மூன்றால் வகுத்தால் 100 தேனீக்கு எத்தனை என்ற கணக்கு. தேனீக்களைத் திரும்பப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். மற்றவை நக்கித் துடைத்துவிடும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தால் சர்க்கரை கட்டிப்பட்டு எண்ணிக்கை குறைத்துக் காட்டும். வெயில் காயும் நாளில் செய்யுங்கள். பத்துப் பெட்டியில் நான்கில் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பத்திலும் பாருங்கள் என்பேன், ஏனெனில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் ஒன்றில் 1-உம் மற்றொன்றில் 8-உம் இருந்ததை நானே எண்ணியிருக்கிறேன்.

100 தேனீக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவம் செய்ய வேண்டும். ஒன்று, இரண்டு என்றால் காத்திருக்கலாம். ஆனால் சும்மா காத்திருக்கக் கூடாது. அடை கட்டுவதற்காக ஒட்டும் மெழுகு அடித்தாள் இல்லாத வெற்றுச் சட்டம் ஒன்றைப் புழு அறையின் ஓரத்தில் வைத்தால், பங்குனியில் தேனீக்கள் அதில் ஆண் கண்ணறைகளாகவே கட்டும். அவை மூடப்பட்டதும் அடையை வெட்டி எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டால், உள்ளே புகுந்த உண்ணிகள் எல்லாம் அதோடு போகும். முட்டையிட்டு 24-ஆம் நாள் ஆண் தேனீ வெளியே வந்துவிடும். அதற்குள் வெட்ட மறந்தால், உண்ணியைப் பிடிக்க வைத்த பொறியே உண்ணிப் பண்ணையாகிவிடும். மறதிக்காரர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி ஆசிட்டுக்கு வருகிறேன். உங்கள் உறவினர் சொன்னது தவறான தகவல் அன்று. தோல் பதனிடுவதிலும் சாயம் ஏற்றுவதிலும் பார்மிக் ஆசிட் அன்றாடப் பொருள்; ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் 85 சதவீத ஆசிட் கேனில் கிடைக்கும். மற்ற மருந்துகளுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: இதன் ஆவி மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போய், கண்ணறைக்குள் இருக்கும் உண்ணியையும் கொல்லும். 85 சதவீத ஆசிட்டை நாளுக்கு 5 மில்லி, பஞ்சுத்திரி போட்ட சிறு குப்பியில் ஊற்றி அடிப்பலகையில் வைத்து, 15 நாள் தொடர்வது இந்தியாவில் பரிந்துரைக்கப்படும் முறை. ஆனால் ஆவியாகும் வேகத்தை முடிவு செய்வது நாமல்லோம், வெயில்தான். வெளிவெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும்வரை இது மருந்து; அதற்கு மேலே போகப் போக, ஒரே நேரத்தில் ஆவி பொங்கி, திறந்த புழுக்களையும் இளந்தேனீக்களையும் கொன்று, பல நேரங்களில் ராணியையும் கொன்றுவிடும். வேலூரில் பங்குனியிலேயே 38 டிகிரியைத் தொட்டுவிடும். சித்திரை, வைகாசியில் 40-ஐத் தாண்டுவது நமக்குச் செய்தியே அன்று.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெட்டி வைக்கத் தொடங்கிய நான்காம் ஆண்டில், சித்திரை முதல் வாரத்தில், மாலையில்தானே வைக்கிறோம் என்ற நம்பிக்கையில் 6 பெட்டிகளுக்கு ஆசிட் வைத்தேன். மறுநாள் பிற்பகல் 2 மணிக்குப் போனபோது, தேனீக்கள் அத்தனையும் பெட்டியின் முகப்பில் தாடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வாரத்தில் 3 பெட்டிகளில் ராணி இல்லை. மாலையில் வைத்தாலும் மருந்து மறுநாள் நண்பகலையும் பார்த்துத்தான் தீரும் என்ற எளிய உண்மை அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நம் வட்டாரத்தில் பார்மிக் ஆசிட்டுக்கு உரிய காலம் மார்கழிதான். கார்த்திகை மழை ஓய்ந்து, மா பூப்பதற்கு முன்னால், பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும் அந்த நான்கைந்து வாரங்களில், தேன் சேர்வதற்காக மேலே ஏற்றும் தேன் அறைகள் பெட்டியில் இல்லாதபோது வைத்தால், தை, மாசியில் பூக்களிலிருந்து மதுரம் வரும் மதுர வரத்துக் காலத்துக்குள் கூட்டம் சுத்தமாக நுழையும். ஏலகிரியிலோ ஜவ்வாது மலையின் மேலோ வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாளரம் முன்னும் பின்னும் சற்று அகலும். சமவெளிக்காரர்கள் அவர்களைப் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. ஆசிட் வைத்திருக்கும் நாள்களில் வாசலை முழு அகலத்துக்கும் திறந்து வைக்க வேண்டும். ரப்பர் கையுறை, கண்ணாடி இல்லாமல் கேனைத் திறக்கக் கூடாது; காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று ஊற்ற வேண்டும்; நீர்க்க வேண்டுமென்றால் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டுமே தவிர, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தோலில் பட்டால் சுடும், கொப்பளிக்கும். ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை, தோப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயன்படுத்திய பழைய கேனில் மிஞ்சியதை இலவசமாக வாங்கி வராதீர்கள்; அதன் அளவும் தூய்மையும் எவருக்கும் தெரியாது.

ஓமத்தில் இருக்கும் தைமால் படிகமும் நல்ல மருந்தே. ஆனால் அதுவும் வெயிலில் ஆவியாவதுதான். கூடுதலாக, தேனில் ஓம வாசனை ஏறும். வேப்பெண்ணெயைத் தெளிப்பது, வேப்பிலைப் புகை போடுவது ஆகியவற்றால் உண்ணி நம்பத்தக்க அளவுக்குக் குறைந்ததை என் பெட்டிகளில் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் வெயில் காலத்தில் என்ன வழி? ஆவியாகாத மருந்தும், மருந்துக்கு முன்னால் மூடிய கண்ணறைகளைக் காலி செய்வதும்தான் வழி. மருந்து ஆக்சாலிக் ஆசிட். இது மூடிக்குள் புகாது. தேனீயின் மேல் இருக்கும் உண்ணியைத்தான் கொல்லும், ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். எனவே ராணியைக் கூண்டிலிட்டு முட்டையிடுவதை நிறுத்திவிட்டால், 21 நாளில் பணித்தேனீப் புழுக்களும் 24 நாளில் ஆண் புழுக்களும் வெளிவந்து, ஒளிய இடமில்லாமல் எல்லா உண்ணிகளும் தேனீக்களின் மேலேயே இருக்கும். அன்றைக்கு ஒரு முறை ஊற்றுவது, புழு நிறைந்த பெட்டியில் நான்கு முறை ஊற்றுவதைவிட மேலானது. இத்தாலியத் தேனீக்கு வேலூர் வெயிலில் நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கும் முறை இது ஒன்றுதான்.

கூண்டு, பணித்தேனீ நுழையக்கூடிய, ராணி வெளியேற முடியாத ராணித் தடுப்புத் தகட்டால் செய்ததாக இருக்க வேண்டும். நெருக்கமான கம்பிவலைக் கூண்டில் 24 நாள் அடைத்தால், பராமரிப்பு போதாமல் ராணி நலிந்துவிடும். புழு அறையின் நடுச் சட்டத்தில் அதைப் பொருத்துங்கள். ஓரச் சட்டத்தில் வைத்தால் தேனீக்கள் அவளை மறந்து புது ராணிக் கூடு கட்டத் தொடங்கும். எட்டாம், ஒன்பதாம் நாளில் ஒருமுறை திறந்து, அப்படிக் கட்டியிருந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். 24-ஆம் நாள் ராணியைத் திறந்துவிட்டு, அன்றோ மறுநாளோ மருந்தை ஊற்றலாம். அவள் இடும் புது முட்டையிலிருந்து வரும் புழு மூடப்படுவதற்கு எட்டு, ஒன்பது நாள் ஆகும் என்பதால் ஒரு வார இடைவெளி உண்டு. ஆனால் இறுதிவரை இழுக்க வேண்டாம். பெட்டி பிரிக்க எண்ணியிருப்பவர்களுக்கு இன்னும் எளிது: ராணியில்லாத பாதி, தானே ராணி வளர்த்து அவள் முட்டையிடத் தொடங்கும் முன், ஏறக்குறைய அதே 24-ஆம் நாளில் புழுவற்று நிற்கும், அப்போது ஊற்றலாம்.

அளவு இதுதான். சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த பாகு ஒரு லிட்டரில் 35 கிராம் ஆக்சாலிக் ஆசிட் படிகம். உங்கள் பத்துப் பெட்டிகளுக்கு அரை லிட்டரும் 17.5 கிராமும் போதும். கண்ணளவில் போடாமல், நகைக்கடைத் தராசு போன்ற நுண் தராசில் நிறுத்துப் போடுங்கள். தேனீக்கள் நிறைந்திருக்கும் ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் 5 மில்லி, ஊசி கழற்றிய சிரிஞ்சால், தேனீக்களின் மேலேயே ஒழுகும்படி விட வேண்டும்; பெட்டி எவ்வளவு பெரிதானாலும் 50 மில்லிக்கு மேல் கூடாது. ஆறு இடைவெளியில் தேனீ இருந்தால் 30 மில்லியோடு நிறுத்துங்கள். மீந்த பாகை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கக் கூடாது. ஆசிட் கலந்த பாகில், அதுவும் நம் வெயிலில், தேனீக்கு நஞ்சாகும் எச்.எம்.எப். என்னும் பொருள் உண்டாகிவிடும். ஒரே தலைமுறைத் தேனீக்களுக்கு இதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவற்றின் குடலைக் கெடுக்கும் என்பதால், ஒரு முறைதான். அந்த ஒரு முறை பலிப்பதற்காகத்தான் அந்த 24 நாள் உழைப்பு. மருந்தைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் இதற்கும் வேண்டும். சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது.

நாளைக் குறிப்பது பற்றி. இப்போது வேம்பும் புங்கமும் பூக்கும் காலம். பெட்டியில் தேன் ஏறிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை 3-க்குக் கீழே இருக்கும் பெட்டிகளில் ஆண் அடையை வெட்டிக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை எண்ணி வாருங்கள். சித்திரைக் கடைசியில் தேனை எடுத்தபின் ராணியைக் கூண்டிலிட்டால், வைகாசி மூன்றாம் வாரத்தை ஒட்டி மருந்து ஊற்றலாம். அடுத்து வருவது பூக்கள் குறைந்த பஞ்ச காலம் என்பதால், அந்த வாரங்களில் புழு வளராமல் இருப்பது நட்டமும் அன்று; ஊட்ட வேண்டிய வாய்கள் குறைகின்றன. ராணியைத் திறந்துவிட்ட பின் மாலை வேளையில் சர்க்கரைப் பாகு கொடுத்து வந்தால், ஆடி, ஆவணி மழைக்குள் கூட்டம் தேறிவிடும். மாறாக, இப்போதே 3 அல்லது அதற்கு மேல் இருக்கும் பெட்டிகளில் தேனுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேன் அறையை இறக்கி, இருக்கும் தேனை எடுத்துவிட்டு, இந்த வாரமே ராணியை அடையுங்கள். இரண்டு கிலோ தேனுக்காகக் கூட்டத்தை இழந்தவர்கள் நம் பக்கம் நிறைய. 10 இருந்தால்? அந்தப் பெட்டி கூண்டிலிட்ட 24 நாளையும் தாண்டும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியே விட்டால் அது விழும்போது, மற்றப் பெட்டித் தேனீக்கள் அதில் தேன் கொள்ளையடிக்கப் போய் உண்ணியைச் சுமந்து வரும் என்பதால், செய்துதான் ஆக வேண்டும்.

டிரோபிலேலாப்ஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சர்க்கரைக் குலுக்கலில் அது சிக்காது. வளர்ந்த தேனீயை அதன் வாயால் கடிக்க முடியாது. புழு இல்லாமல் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் பெரும்பாலும் உயிர் தரிக்காது. மூடிய புழுச் சட்டத்திலிருந்து தேனீக்களை உதறிவிட்டு, வெள்ளைத் தட்டின் மேல் சட்டத்தை இரண்டு முறை தட்டினால், ஓடும் உண்ணிகள் தெரியும். இதன் சொந்த ஊர் மலைத் தேனீ. நீர்த்தேக்கத் தொட்டிகளிலும் அரசமரத்திலும் ஜவ்வாது மலைப் பாறைகளிலும் தொங்குகிறதே, அந்தப் பெரிய ஒற்றை அடைத் தேனீதான். ஆண்டுதோறும் மலைக்கும் சமவெளிக்கும் அது இடம் மாறுவதால், நம் வட்டாரத்தில் இந்த உண்ணியை முற்றிலும் ஒழித்தோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நற்செய்தி, மேலே சொன்ன கூண்டு முறை இதற்கும் மருந்து. உண்மையில் வரோவாவைவிட எளிதில் இது பட்டினியால் சாகும். கூண்டிலிட முடியாதவர்கள், மதுர வரத்து இல்லாத நாள்களில் சட்டத்துக்கு 200 மில்லிகிராம், அதாவது விரல்நுனியில் ஒட்டும் அளவு, நுண்ணிய கந்தகத்தூளைச் சட்டங்களின் மேற்கட்டையில் தூவி, 7 முதல் 10 நாளில் மறுபடியும் தூவலாம். கைப்பிடி அள்ளித் தூவினால் உண்ணி போகாது, தேனீ போகும்.

பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன மாட்டு மருந்தைப் பற்றி. அவர் முற்றிலும் கற்பனையாகச் சொல்லவில்லை. மாட்டு உண்ணிக்கு விற்கும் நீர்மங்களில் ஒன்று அமிட்ராஸ். அதே பொருளை மெதுவாகக் கசியும் பிளாஸ்டிக் பட்டையாகச் செய்து வெளிநாடுகளில் தேன் பெட்டிக்குள் தொங்கவிடுகிறார்கள். ஆனால் மாட்டுக்கானது 12.5 சதவீத நீர்மம். அதிலுள்ள கரைப்பான்களும் குழம்பாக்கிகளும் மாட்டுத் தோலுக்காகச் சேர்க்கப்பட்டவை. கடையில் அமிட்ராஸ் இல்லையென்று டெல்டாமெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைக் கொடுத்துவிட்டால், மாலைக்குள் பெட்டி காலி. பயிருக்கு அடிக்கும் புளுவாலினேட்டை அட்டையில் நனைத்து வைக்கும் வழக்கமும் இருக்கிறது. இவை மெழுகில் ஊறி ஆண்டுக்கணக்கில் தங்கும், தேனிலும் இறங்கும். அளவு தெரியாமல் வைக்கும் ஒவ்வொரு முறையும் தப்பிப் பிழைக்கும் உண்ணிகள், மருந்துக்கு அடங்காத சந்ததியைப் பெறும். புளுவாலினேட்டுக்கு உண்ணி அடங்காமல் போனது 1990-களிலேயே ஐரோப்பாவில் கண்டறியப்பட்ட செய்தி.

எண்ணிக்கை மிகுந்து இப்போதே அடைக்க வேண்டிய பெட்டிகளைத் தவிர, எந்த மருத்துவமானாலும் ஒரே இடத்தில் இருக்கும் மற்ற எல்லா இத்தாலியப் பெட்டிகளுக்கும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். இன்றைக்கு ஐந்து, அடுத்த மாதம் ஐந்து என்றால், வழி தவறி அடுத்த பெட்டிக்குள் நுழையும் தேனீக்களே உண்ணியைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். மருந்து வைத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். 1-க்குக் கீழே வராத பெட்டியில், தப்பிய மூடிய அடை எங்கோ இருந்திருக்கிறது என்று பொருள். வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் வரும் பெட்டிகளை வாங்கும்போது, விலை பேசுவதற்கு முன்னால் விற்பவர் கண்முன்னே ஒரு பெட்டியைக் குலுக்கி எண்ணுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒருவர் கோபித்துக்கொண்டு மூடியை மூடிவிட்டார், அவரிடம் வாங்கவில்லை.

உங்கள் தேனீயில் ஒட்டியிருப்பது வரோவாவா, பூ உண்ணியா என்பதில் ஐயம் இருந்தால், ஊரும் தேனீக்களில் பத்தைப் பொறுக்கி, சானிடைசருக்கு விற்கும் ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பியில் போட்டு, எந்தப் பெட்டி, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். உயிருடன் தீப்பெட்டியில் கொண்டுபோனால், போய்ச் சேர்வதற்குள் உண்ணி இறங்கி ஓடியிருக்கும்.